நடை பழகும் பாதத்துக்கு என்ன செருப்பு?

பொங்கல் விழாவானாலும் ஆண்டு விழாவானாலும் கைக்குழந்தையோடு வரும் இளம் தாய்மார்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஆன்ட்டி, பிடிச்சுக்கிட்டு நிக்க ஆரம்பிச்சுட்டான். என்ன ஷூ வாங்கலாம்?" தில்லியில் ஒரு மருத்துவமனையின் எலும்பியல் பிரிவில் முப்பது வருடத்துக்கும் மேலாக இயன்முறைச் சிகிச்சையாளராக வேலை பார்த்தவள் என்பதால் வரும் கேள்வி இது. மைக் அலறும் அரங்கில், சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. நம் இதழின் ஆசிரியர் நாலு பக்கம் தருகிறேன் என்றார். எழுதிவிடுகிறேன்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு சின்ன குடும்பச் சண்டை இருக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி, "வீட்டுக்குள்ள எதுக்குடி செருப்பு? நாங்கல்லாம் போட்டா நடந்தோம்?" என்பார். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள், வெறுங்காலோடு குழந்தையைக் கண்டால் "டண்ட் லக் ஜாயேகீ" என்று பதறுவார். கடைக்காரர் கணுக்கால் வரை ஏறும் கெட்டியான பூட்ஸை எடுத்துப் போட்டு, இது இல்லாவிட்டால் கால் வளைந்துவிடும் என்று பயமுறுத்துவார். நடுவில் மாட்டிக்கொள்வது குழந்தையின் அம்மா.

மூவரில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், முக்கால் பங்கு பாட்டி பக்கம்தான் என்பேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கால் பங்கு. கடைக்காரருக்கு ஒன்றும் இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். பெரியவர்களின் பாதத்தில் 26 எலும்புகள். பிறந்த குழந்தையின் பாதத்தில் இவற்றில் பல இன்னும் எலும்பாகவே ஆகியிருப்பதில்லை, குருத்தெலும்பாகத்தான் இருக்கும். உள்வளைவின் உச்சியில் இருக்கும் படகு எலும்பு கெட்டியாகத் தொடங்குவதே சுமார் மூன்று வயதில்தான். ஆகவே ஒரு வயதுப் பாதம் களிமண் மாதிரி. எந்த அச்சில் வைத்து அழுத்துகிறோமோ அதற்கு இணங்கிப் போகும், அழுகூடச் செய்யாது. இறுக்கமான ஷூவுக்குள் விரல்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு சிரித்தபடி நடக்கும் குழந்தைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலித்தால் சொல்லும் என்று நம்பி இருக்க முடியாத விஷயம் இது.

இன்னொன்று. நடை பழகும் குழந்தைக்குப் பாதம் என்பது கை மாதிரி. தரை வழுக்குகிறதா, சரிகிறதா, விரிப்பு முடிந்து மொசைக் ஆரம்பிக்கிறதா என்பதையெல்லாம் விரலால் தடவித்தான் தெரிந்துகொள்கிறது. கட்டைவிரலைத் தரையில் ஊன்றிப் பிடித்துக்கொள்வதைக் கவனித்துப் பாருங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் காரென் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது. 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரி 2,368 அடி எடுத்து வைத்து, 17 தடவை விழுந்தார்களாம். இத்தனை பயிற்சியையும் அந்தப் பிஞ்சுப் பாதம்தான் செய்கிறது. அதைக் கெட்டி ரப்பருக்குள் போட்டு மூடுவது, எழுதப் பழகும் கைக்கு உறை மாட்டி விடுவது போல.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்றும் உண்டு. கர்நாடகத்தின் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் தட்டைப்பாதம் 8.6 சதவீதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். விரல் மூடிய ஷூ அணிந்தவர்களில் அதிகம், செருப்பு, சாண்டல் அணிந்தவர்களில் அதைவிடக் குறைவு, வெறுங்காலில் மிகக் குறைவு. உலகத்து எலும்பு மருத்துவர்கள் இன்றும் எடுத்துச் சொல்லும் ஆய்வு இது. வெறுங்கால் என்றால் ஏழ்மை என்று எண்ணி, முதல் சம்பளத்தில் குழந்தைக்கு ஷூ வாங்குவதைக் கௌரவமாக நினைத்த நம் தலைமுறைக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய செய்தி. அதற்காகத் தட்டைப்பாதம் எல்லாமே ஷூவால் வந்தது என்று அர்த்தமில்லை. பிறவி வாகும், தசைநார்த் தளர்ச்சியும், உடல் பருமனும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

எனவே வீட்டுக்குள் வெறுங்கால்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நாம் இருப்பது தஞ்சாவூரில் அல்ல. தில்லி ஜனவரியில் மொசைக் தரையில் கால் வைத்தால் நமக்கே சுரீரென்கிறது. பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கால் பங்கு நியாயம் தந்தது இதற்காகத்தான். சளி வருவது கிருமியால்; தரைக் குளிர் காலில் ஏறுவதால் அல்ல. என்றாலும் குளிர்ந்த பாதத்தோடு குழந்தை நடக்க மறுத்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். கூடத்தில் கெட்டியாக ஒரு தரி விரித்துவிடுங்கள். நாலு மணி நேரம் அதில் வெறுங்காலோடு திரியட்டும். மற்ற நேரத்துக்கு, அடியில் ரப்பர் புள்ளிகள் வைத்த சாக்ஸ் போதும். புள்ளி இல்லாத சாதாரண சாக்ஸைப் போட்டு மார்பிள் தரையில் விடாதீர்கள். எண்ணெய் தடவிய தரையில் விடுவதற்குச் சமம் அது. கால் இறுகும் சாக்ஸும் இறுகிய ஷூவும் ஒன்றுதான். நுனியில் சிறிது துணி மிச்சம் இருக்க வேண்டும்.

சாக்ஸ் போடுமுன் உள்புறத்தை வெளியே திருப்பி ஒருமுறை பாருங்கள். உள்ளே தொங்கும் நூலோ, தலைமுடியோ குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுவது உண்டு. பிரசவத்துக்குப் பின் அம்மாவுக்கு முடி கொட்டும் மாதங்களில் இது நடக்கும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால், வயிற்று வலி என்று ஓமத் தண்ணீர் கொடுக்குமுன் சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். விரல் சிவந்து வீங்கி, ஒரு கோடு அழுந்தியிருந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

கொலுசைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேத்திக்குக் கொலுசு போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க நமக்கு ஆசைதான். வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஷூ போடும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். ஷூவின் விளிம்புக்கும் கணுக்காலுக்கும் நடுவே அது அறுத்துவிடும். சலங்கை மணிகள் கழன்று வாய்க்குப் போகாதபடி வாரம் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதும் நல்லது.

அப்படியானால் ஷூவே வேண்டாமா? வெளியே இறங்கும்போது கட்டாயம் வேண்டும். நம் காலனிப் பூங்காக்களில் கண்ணாடித் துண்டு, நாய் அசிங்கம், கட்டுமானக் கம்பி, எல்லாம் கிடக்கின்றன. ஈர மண் வழியாகக் கொக்கிப்புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். மே மாதத்துச் சிமெண்ட் தரையோ பிஞ்சுக் காலைக் கொப்புளிக்க வைத்துவிடும். ஷூவின் வேலை பாதத்தை இவற்றிலிருந்து காப்பது. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நடக்கக் கற்றுத் தராது, வளைவை உண்டாக்காது, கணுக்காலைப் பலப்படுத்தாது. குழந்தை பிடிக்காமல் தானாகப் பத்துப் பன்னிரண்டு அடி வைத்து, வெளியே இறங்கும் நாள் வரும்வரை வாங்கவே தேவையில்லை. பரிசாக வந்ததைப் புகைப்படத்துக்குப் போட்டுவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

இனி எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறேன். கடையில் ஷூவைக் கையில் எடுத்து, நுனியையும் குதிகாலையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில், அதாவது முன்பகுதியில், ஒரு விரல் அழுத்தத்துக்கே மடங்க வேண்டும். பாதத்தின் நடுவில் மடங்கினாலும் சரியில்லை, எங்கேயும் மடங்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடிப்பாகம் மெல்லியதாக, தட்டையாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். குதிகால் உயரம் கூடாது. முன்பகுதி அகலமாக இருக்க வேண்டும். குழந்தையின் பாதம் விசிறி மாதிரி, விரல் பக்கம்தான் அகலம். கடையில் அடுக்கியிருப்பதில் பாதி, பெரியவர்கள் ஷூவைச் சுருக்கிச் செய்தது போல் நுனியில் கூம்பியிருக்கும். வார் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோவாகவோ பக்கிளாகவோ இருந்தால் போதும். வெறுமனே நுழைக்கும் வகை வேண்டாம், அது கழன்றுவிடாமல் இருக்கக் குழந்தை விரலைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். கான்வாஸோ மெல்லிய தோலோ நல்லது. முழுப் பிளாஸ்டிக், தில்லி ஆகஸ்டில் உள்ளே வியர்த்து ஊறி, விரலிடுக்கில் புண் வைக்கும். பாதத்தின் உள்வளைவைத் தூக்கிப் பிடிக்கும் மேடு எதுவும் ஷூவுக்குள் வேண்டாம்.

நடந்தால் கீச்சிடும் ஷூக்கள் இருக்கின்றனவே, இங்கே 'சீட்டீ வாலே ஜூத்தே' என்பார்கள், அவற்றைப் பற்றி என் கருத்தைக் கேட்பவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களாகத்தான் இருப்பார்கள். அரை மணி நேரப் பூங்கா விளையாட்டுக்குப் போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சத்தம் வரவேண்டும் என்றே குழந்தை காலைத் தொம்மென்று போட்டு நடக்கும். அந்த விசிலுக்கு இடம் வைத்து அடிப்பாகமும் கெட்டியாகச் செய்திருப்பார்கள். மாடியில் குடியிருப்பவர்கள் கீழ்வீட்டாரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

அளவு எடுப்பதை வீட்டிலேயே செய்யுங்கள். மாலையில் எடுங்கள், அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும். ஒரு அட்டையைச் சுவர் ஓரமாகப் போட்டு, குழந்தையின் குதிகால் சுவரைத் தொடும்படி நிற்க வையுங்கள். உட்கார வைத்து எடுத்தால் அளவு குறைந்துவிடும். நின்றால்தான் பாதம் விரியும். நீளமான விரல் எதுவோ அங்கே கோடு. சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். இரண்டு பாதத்தையும் எடுத்து, பெரியதைக் கணக்கில் கொள்ளுங்கள். அதோடு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்து, அந்த நீளத்துக்கு அட்டையை ஒரு பட்டையாக நறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டால் போதும். கடையில் ஷூவுக்குள் பட்டை மடங்காமல் படுத்தால் நீளம் சரி. கடைக்காரர் கட்டைவிரலால் நுனியை அழுத்தி, "இடம் இருக்கு மேடம்" என்பதை நம்பாதீர்கள். அழுத்தியதும் குழந்தை விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும், இடம் இருப்பது போலத்தான் தெரியும்.

எண்களை ஏன் நம்பக் கூடாது என்றால், அவை நம் கால்களுக்காக ஏற்பட்டவை அல்ல. ஆங்கில அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு பார்லி மணியின் நீளம் என்று எப்போதோ வைத்த கணக்கு. ஐரோப்பிய எண்ணில் அது சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இது தவிர ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அச்சு. நம்மவர் பாதம் பொதுவாக மேல்நாட்டார் பாதத்தைவிட அகலம் என்பது சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதத்தை அளந்து கண்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய அந்த அளவெடுப்பின் முடிவில், இந்தியர்களுக்கென்று தனி அளவு முறை ஒன்றைப் பரிந்துரைத்து அதற்கு 'பா' என்று பெயரும் வைத்தார்கள். அந்த முறையில் செய்த ஷூ நம் கைக்கு எட்டும் வரை அட்டைப் பட்டைதான் துணை.

வளர்ச்சியும் வேகம். ஒரு வயது முதல் மூன்று வயது வரை பாதம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே போகும். பெண் குழந்தைக்கு ஒரு வயதிலும், ஆண் குழந்தைக்கு ஒன்றரை வயதிலும், அவர்கள் வளர்ந்த பின் இருக்கப்போகும் பாத நீளத்தில் பாதி வந்துவிடுகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அட்டையில் நிற்க வைக்க வேண்டும். ஆகவே விலை உயர்ந்த ஒரு ஜோடியைவிட, சாதாரண கான்வாஸ் ஷூவை அவ்வப்போது மாற்றுவதே மேல். இரண்டு வருடம் வரட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி நுனியில் பஞ்சு அடைக்கும் நம்மூர்ச் சிக்கனம் இந்த விஷயத்தில் வேண்டாம், தடுக்கி விழுவார்கள்.

அடுத்து, தட்டைப்பாதம். ஈரக்காலோடு குழந்தை குளியலறையிலிருந்து வந்த சுவட்டைப் பார்த்துவிட்டு, வளைவே இல்லையே என்று கலங்கி என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். இந்த வயதில் எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான். பாதத்தின் அடியில் கொழுப்பு மெத்தை ஒன்று இருக்கிறது, அது வளைவை மறைக்கும். ஐந்தாறு வயதுக்குள் பெரும்பாலோருக்கு வளைவு தானே தெளிவாகிவிடும். இதைச் சரிசெய்ய என்று கனமான ஷூக்களை விற்பதும், அதற்கு அப்பாமார்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதும் என் வேலைக் காலம் முழுக்கக் கண்ட காட்சி. அமெரிக்காவில் நூற்றுக்கும் அதிகமான குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு இத்தகைய ஷூவும் உள்ளச்சும் கொடுத்து, சிலருக்கு எதுவும் கொடுக்காமல் மூன்று வருடம் பார்த்தார்கள். 1989-இல் முடிவு வெளியானது. எல்லாருக்கும் பாதம் ஒரே மாதிரி தேறியிருந்தது. வளைபாதத்தோடு பிறந்து, மாவுக்கட்டுப் போட்டுத் திருத்திய குழந்தைக்கு மருத்துவர் தரும் கம்பி இணைத்த ஷூ மட்டும் வேறு கதை. அதைச் சொன்ன மணி நேரம், சொன்ன வருடம் வரை போட்டே ஆக வேண்டும். குழந்தை அழுகிறது என்று பாட்டி இரக்கப்பட்டுக் கழற்றிவிட்டால் பாதம் மறுபடி வளைந்துவிடும்.

ஷூவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. சில வருடங்களுக்கு முன், ஃபரீதாபாத் பக்கம் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம். முதல் குழந்தை, பெண், பதினாறு மாதம். நடக்க ஆரம்பித்து இரண்டு மாதமாக ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஷூ லூஸ் என்றார் ஒரு கடைக்காரர். மாற்றினார்கள். இடது ஷூவின் அடியை உயர்த்தித் தைத்தால் சரியாகும் என்றார் இன்னொருவர். தைத்தார்கள். மூன்று ஜோடி மாறியது, சாய்வு மாறவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது பாட்டி மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தார். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கினால் ஒன்று தாழ்ந்து நின்றது. தொடை மடிப்பும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை. "இது செருப்புக் கோளாறு இல்லப்பா, இடுப்புல என்னமோ இருக்கு" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நவராத்திரி நிகழ்ச்சியன்று அந்தப் பாட்டியேதான் என் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

ஷூவைக் கழற்றச் சொன்னேன். வராந்தாவில் வெறுங்காலோடு நடக்கவிட்டுப் பார்த்தேன். பிறகு பாட்டி செய்தது போலவே முழங்காலை மடக்கிப் பார்த்தேன். மறுநாளே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில், இடது தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் உட்காரவே இல்லை. பிறவியிலிருந்தே அப்படி. ஆறு மாதத்துக்குள் தெரிந்திருந்தால் பெரும்பாலும் துணி வார்ப் பட்டையிலேயே சரியாகிவிடக்கூடியது. நடக்கும் வயது தாண்டியதால் அறுவை சிகிச்சையும், நெஞ்சிலிருந்து கால் வரை மாவுக்கட்டும், மாதக் கணக்கில் காத்திருப்பும் ஆயின. இன்னும் இரண்டு மூன்று வருடம் ஷூவையே மாற்றிக்கொண்டிருந்தால் அதுவும் கடினமாகியிருக்கும். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடப் படியில் இரண்டிரண்டாகத் தாவுகிறாள்.

முதல் குழந்தை, பெண் குழந்தை, வயிற்றில் தலைகீழாகத் திரும்பாமல் இருந்த குழந்தை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருந்தவர்கள்: இவர்களுக்கெல்லாம் இடுப்பை ஆரம்பத்திலேயே பார்த்துவிடச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். கைக்குழந்தையின் கால்கள் இரண்டையும் நீட்டி ஒன்றாகச் சேர்த்து இறுகச் சுற்றி வைக்கும் பழக்கம் வேண்டாம். நம் வீடுகளில் கால் இருபுறமும் விரிய இடுப்பில் உட்கார வைத்துத் தூக்குகிறோமே, அது நல்ல பழக்கம்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-இல் வெளியிட்டது; அதில் நம் தில்லிக் குழந்தைகளும் உண்டு. பிடிக்காமல் தனியே நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் எப்போது வந்தாலும் இயல்பே. எதிர் வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்ததே என்று ஏங்க வேண்டாம். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காவிட்டாலோ, நொண்டினாலோ, எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தாலோ, ஒரு பாதம் மட்டும் மற்றதைப் போல் இல்லாவிட்டாலோ, போக வேண்டிய இடம் செருப்புக்கடை இல்லை.

நடக்கச் சீக்கிரம் வரட்டும் என்று சக்கரம் வைத்த, உள்ளே உட்காரும் வாக்கர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபடுவதுதான் நடக்கும். கனடாவில் 2004-இலேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். ஊருக்குப் போனால் மரத்தில் செய்த நம் பழைய நடைவண்டியைத் தேடி வாங்கி வாருங்கள். குழந்தை தன் காலிலேயே நின்று, தானே தள்ளிக்கொண்டு போகும். பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் போட்ட ஷூவைத் தம்பிக்குப் போடலாமா என்பது எப்போதும் கடைசியில் வரும் கேள்வி. அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தேய்ந்து, உள்ளே அண்ணன் விரல் பதிந்த குழி இருந்தால் வேண்டாம். நாலு தடவை போட்டு, அதற்குள் காலுக்குச் சின்னதாகிப் போன ஷூவானால் தாராளமாகப் போடலாம். அப்படிப்பட்டவை நம் எல்லார் வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன. துவைத்து, அடியில் சென்டிமீட்டர் நீளத்தை எழுதி ஒட்டிக் கொண்டுவந்தால், சங்க நூலகத்தின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டி வைக்கச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அளவெடுக்கும் அட்டை ஒன்றையும் கோடு போட்டு நூலகச் சுவர் ஓரமாக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நானும் அங்கே இருப்பேன்.